பெருந்தொற்றுக் காலத்தில் பிள்ளைப்பேறு: வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

2020 மார்ச் கடைசியில் கொரோனா ஊரடங்கு வந்தபோது காட்பாடியில் நான் நடத்திவந்த கர்ப்பிணிகள் வகுப்பில் 11 பேர் இருந்தார்கள். பாய் விரித்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் அம்மாவோ கணவரோ இருக்க நடக்கும் வகுப்பு. ஒரே நாளில் நின்றுபோனது. அடுத்த வாரத்திலிருந்து என் கைப்பேசி ஓயவில்லை. பிரசவ வார்டில் பல வருஷம் வேலை பார்த்த செவிலியர் என்பதால் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று குடியாத்தம், அணைக்கட்டு, ஆற்காடு, வாலாஜா வரைக்கும் அழைத்தார்கள். இரண்டு அலைகளிலும் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அந்த நோட்டிலிருந்துதான் இந்தப் பக்கம். இன்னொரு தொற்று வந்தாலும் வராவிட்டாலும் இதில் முக்கால்வாசி எப்போதும் பயன்படும். உங்களைப் பார்க்கும் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள். உங்கள் ரிப்போர்ட் அவர் கையில்தான் இருக்கிறது.

எங்கள் பாட்டி எட்டுப் பிள்ளை பெற்றார். அவர் எந்த வகுப்புக்குப் போனார்? இதையெல்லாம் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

பாட்டியும் கற்றுக்கொண்டுதான் பெற்றார், வீட்டுக்குள்ளேயே. அத்தைக்கு வலி எடுத்ததைப் பார்த்திருப்பார், வெந்நீர் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார், தம்பி தங்கைகளை இடுப்பில் சுமந்திருப்பார். இன்றைக்கு 24 வயதில் முதல் பிள்ளைக்குக் காத்திருக்கும் பெண் பார்க்கப்போகும் முதல் பிரசவமே அவளுடையதுதான். சாதாரண நாளில் பெரியம்மா, எதிர் வீட்டு அக்கா என்று நாலு பேர் வந்து சொல்லிக்கொடுப்பார்கள். தொற்றுக் காலத்தில் அந்த நாலு பேரும் வாசலுக்கு வெளியே நின்றார்கள்.

அதோடு, எட்டுப் பெற்ற பாட்டியிடம் எத்தனை தங்கியது என்றும் கேட்டுப் பாருங்கள். நம் ஊர் சி.எம்.சி. மருத்துவமனை உருவானதே பிரசவத்தில் இறந்த பெண்களால்தான். 1890களில் திண்டிவனத்தில் இருந்த தன் பெற்றோரிடம் வந்திருந்த இளம்பெண் ஐடா ஸ்கடரைத் தேடி, ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்தார்கள். பிரசவ வலியில் கிடக்கும் தங்கள் மனைவியைக் காப்பாற்றும்படி கேட்டார்கள். அவர் அப்போது மருத்துவம் படித்திருக்கவில்லை. மருத்துவரான அவருடைய அப்பாவை, ஆண் என்பதால், அவர்கள் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதற்கப்புறம்தான் அவர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி, 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார்.

அந்த மூன்று வீட்டிலும் அனுபவப்பட்ட பாட்டிகள் இருந்திருப்பார்கள். எதுவரை வீட்டில் பொறுக்கலாம், எப்போது உடனே கிளம்ப வேண்டும் என்று கர்ப்பிணிக்கே தெரிந்திருக்க வேண்டும். வகுப்பில் நான் சொல்லிக்கொடுப்பதில் பெரும்பகுதி இதுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் தொற்று ஒட்டிக்கொள்ளுமோ என்று பயம். செக்கப்பைத் தள்ளிப்போடலாமா?

இந்தப் பயத்தால் நடந்த சேதத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வாலாஜா பக்கம் ஒரு பெண், ஏழாம் மாதம். இரண்டு செக்கப்பை விட்டுவிட்டாள். இரண்டு நாளாகத் தலைவலி, வெயில் தலைவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் என்னிடம் பேசும்போது போகிற போக்கில், “கண்ணுக்கு முன்னாடி பூச்சி பறக்கிற மாதிரி இருக்குதுக்கா” என்றாள். கேட்டதும் எனக்குக் கை நடுங்கியது. உடனே கிளம்பச் சொன்னேன். மருத்துவமனையில் பார்த்தபோது ரத்த அழுத்தம் 160-க்கு 110. நேரத்துக்குப் போனதால் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

போனில் பேசி முடித்துக்கொள்ளக்கூடியவை உண்டு. வாந்தி, மலச்சிக்கல், தூக்கமின்மை, ரிப்போர்ட்டைக் காட்டிச் சந்தேகம் கேட்பது இதெல்லாம் அப்படித்தான். இதற்காகவே 2020 ஏப்ரலில் இ-சஞ்சீவனி ஓ.பி.டி. என்ற அரசுத் தொலைமருத்துவ சேவையை ஆரம்பித்தார்கள். ஆனால் நேரில் போயே ஆக வேண்டியவையும் உண்டு. முதல் ரத்தப் பரிசோதனைகள், 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேன், குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரைச் சோதனை, இரண்டு டி.டி. ஊசி. கடைசி ஒன்றரை மாதத்தில் டாக்டர் வரச்சொன்ன எந்த நாளையும் விடக் கூடாது. நம் அரசின் கணக்குப்படி குறைந்தது 4 முறை. உலக சுகாதார நிறுவனம் 2016 முதல் 8 முறை என்கிறது.

முடிந்தால் ஒரு பி.பி. மெஷின் வாங்குங்கள். சத்துவாச்சாரியில் ஒரே தெருவில் மூன்று குடும்பம் சேர்ந்து ஒன்று வாங்கி, துடைத்துத் துடைத்துக் கைமாற்றிக்கொண்டார்கள். 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் காட்டினால் அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். விடாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, இதில் ஒன்று வந்தாலும் மெஷின் என்ன காட்டினாலும் கிளம்புங்கள்.

முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போக வேண்டும். எப்போது கிளம்புவது?

2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. சில மாதத்திலேயே ஊரடங்கு. ஆற்காட்டில் புகுந்த வீடு, வேலூரில் தாய்வீடு என்றால் நடுவில் கொஞ்ச நேரப் பேருந்துப் பயணம்தான். ஆனால் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் கேட்ட நாட்களில் அந்தத் தூரம் வெளிநாடு மாதிரி ஆகிவிட்டது. 2020 ஏப்ரலில் சித்தூர் எல்லைச் சாலைகளில் குறுக்கே சுவரே எழுப்பி, எதிர்ப்பு வந்ததும் இடித்தார்கள். சித்தூரிலிருந்து வேலூருக்கு வைத்தியத்துக்கு வருகிற குடும்பங்கள் எத்தனை என்று நமக்குத் தெரியும்.

அதனால் என் பதில்: போவதென்றால் 34-ஆம் வாரத்துக்குள் போய்ச் சேருங்கள். போகும் ஊரின் கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் கொடுங்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் 12 இலக்க பிக்மி எண்ணை அட்டையிலும் போனிலும் வைத்திருங்கள். மகப்பேறு உதவித்தொகைக்கும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அதுதான் ஆதாரம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் அப்போது பணமும் சத்துணவுப் பெட்டகமும் சேர்த்து ரூ.18,000. அப்புறம், ஒரே ஒரு மருத்துவமனையை மட்டும் முடிவு செய்துவைக்காதீர்கள். நோயாளிகள் நிரம்பி ஒன்று மூடினால் அடுத்தது எது என்று தெரிந்திருக்க வேண்டும். ஃபைலின் எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுத்துக் கணவர் போனிலும் அம்மா போனிலும் போட்டுவையுங்கள்.

பீஞ்சமந்தை மாதிரி ஜவ்வாது மலை ஊர்களில் இருப்பவர்கள் வலி வந்த பிறகு இறங்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். மலைப்பகுதிக்காகச் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறை உண்டு. நாள் நெருங்குவதற்கு முன்பே வந்து தங்கலாம். செவிலியரிடம் கேளுங்கள்.

வளைகாப்பு வைக்கலாமா?

வீட்டில் இருப்பவர்கள் மட்டும் அடுக்கிவிடுங்கள், போதும். கூட்டம் பிள்ளை பிறந்து, தொற்று அடங்கிய பிறகு.

குழந்தை அசைவது சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

செக்கப்புக்கு அடிக்கடி போக முடியாத காலத்தில் உங்களிடம் இருக்கும் மிக நல்ல கருவி இதுதான். செலவும் இல்லை.

முதல் பிள்ளை என்றால் 18 முதல் 20 வாரத்தில் அசைவு தெரிய ஆரம்பிக்கும். முதலில் மீன் புரள்கிற மாதிரி, அப்புறம் உதை. 28 வாரத்திலிருந்து தினமும் கணக்கு வையுங்கள். சாப்பிட்டு முடித்து இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். மனசு வயிற்றில் இருக்கட்டும், டி.வி.யில் வேண்டாம். உதை, புரளல், நெளிவு எல்லாம் கணக்குதான். விக்கல் மட்டும் கணக்கில்லை. 2 மணி நேரத்துக்குள் 10 அசைவு வர வேண்டும். பெரும்பாலும் அரை மணியிலேயே வந்துவிடும்.

கே.வி. குப்பம் பக்கம் ஒரு பெண்ணுக்கு எண்ணிக்கை தப்பிக்கொண்டே இருந்தது. அவள் மாமியார் ஒரு வழி கண்டுபிடித்தார். பத்துப் புளியங்கொட்டையைக் கழுவிக் காயவைத்து, ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டார். ஒரு அசைவுக்கு ஒரு கொட்டை. சமையலறையிலிருந்தே அவர் ‘டங்’ என்ற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாராம். “ஏழு ஆச்சாமா?” என்று குரல் கொடுப்பாராம். இந்த யோசனையை அப்புறம் எல்லா வகுப்பிலும் சொல்லிக்கொடுத்தேன்.

36-வது வாரத்தில் ஒரு நாள் அந்தக் கிண்ணத்தில் நாலு கொட்டைதான் விழுந்தது. அவர்கள் மறுநாள் வரை காத்திருக்கவில்லை. அன்று இரவே போனார்கள், இரண்டு நாளில் ஆபரேஷனில் பெண் குழந்தை, நல்லபடியாக. அசைவு குறைந்தால் ஜூஸ் குடித்துப் பார்க்கலாம், காலையில் பார்க்கலாம் என்று நேரம் கடத்தவே கூடாது. “கடைசி மாதத்தில் இடமில்லாமல் அசைவு குறையும்” என்று சொல்வார்கள். அது சரியில்லை. அசைவின் தன்மை மாறும், உதை போய் நெளிவாகும். எண்ணிக்கை குறையாது.

சூட்டு வலியா, பிரசவ வலியா? தெரியாமல் இரண்டு முறை போய்த் திரும்பிவிட்டோம்.

திரும்பி வந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் பிள்ளைக்குப் பாதிப் பேர் அப்படித்தான்.

சூட்டு வலி ஒழுங்கில்லாமல் வரும். கொஞ்சம் நடந்தால், தண்ணீர் குடித்தால், ஒருக்களித்துப் படுத்தால் அடங்கும். நிஜ வலி அடங்காது. முதுகில் ஆரம்பித்து முன்பக்கம் சுற்றி வந்து இறுக்கும், விடும், மறுபடி இறுக்கும். இடைவெளி குறைந்துகொண்டே வரும், வலி நீண்டுகொண்டே போகும். வலி வரும்போது பேச்சு தானாக நின்றுவிடும். போனில் என்னிடம் பேசும் பெண்கள் வாக்கியத்தின் நடுவில் நின்றுவிட்டு ஒரு நிமிஷம் கழித்துத் தொடர்ந்தால், அதுவே எனக்குப் பாதி விடை.

முதல் பிரசவம், 37 வாரம் முடிந்துவிட்டது, வேறு சிக்கல் இல்லை என்றால்: வலி 5 நிமிஷத்துக்கு ஒரு முறை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 நிமிஷம், இப்படி 1 மணி நேரம் தொடர்ந்தால் கிளம்புங்கள். அதுவரை வீட்டில் நடப்பது, குளிப்பது, கஞ்சி குடிப்பது நல்லது. மருத்துவமனையில் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் நேரமும் குறையும். இரண்டாவது பிள்ளையோ, வீடு தூரமோ என்றால் இவ்வளவு காத்திருக்க வேண்டாம்.

காத்திருக்கவே கூடாதவை: பனிக்குடம் உடைந்து நீர் வருவது, அதிலும் பச்சையாகவோ பழுப்பாகவோ வந்தால் இன்னும் அவசரம். ரத்தப்போக்கு. 37 வாரத்துக்கு முன் விட்டு விட்டு வரும் வலி. முன்பு ஆபரேஷன் ஆனவர்களுக்கு எந்த வலியும். சளி மாதிரி லேசான ரத்தக் கோடோடு வருவது மட்டும் பயப்பட வேண்டியதில்லை. நேரம் நெருங்குகிறது என்று அர்த்தம்.

பிரசவ அறைக்குள் துணைக்கு யாரையும் விடமாட்டோம் என்கிறார்கள். தனியாக எப்படித் தாங்குவேன்?

எனக்கு வந்த அழைப்புகளில் அதிகக் கண்ணீர் இந்தக் கேள்வியில்தான். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையாக ஒரு பெண் உறவினரை அனுமதிக்கும் ஏற்பாடு ரொம்ப நாளாகவே உண்டு. தொற்று நேரத்திலும் தாய் விரும்பும் ஒருவர் கூட இருக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொன்னது. ஆனாலும் பல இடங்களில் மூடிவிட்டார்கள். பயமும் ஆள் பற்றாக்குறையும் அவர்களுக்கும் இருந்தது. அதனால் 36-ஆம் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்: துணைக்கு ஒருவர் வரலாமா, அவருக்குப் பரிசோதனைச் சீட்டு வேண்டுமா, நடுவில் ஆள் மாற்றலாமா. வலியோடு வாசலில் நின்று வாதாடும்படி வைத்துக்கொள்ளாதீர்கள்.

விடவே மாட்டார்கள் என்றால் உங்கள் உடம்புக்கு முன்கூட்டியே பழக்கம் வேண்டும். வாட்ஸ்அப் வீடியோவில் நான் சொல்லிக்கொடுத்தது இதுதான். வலி ஏறும்போது மூக்கால் மெதுவாக இழுத்து, வாயால் சூடான ரசத்தை ஊதி ஆற்றுகிற மாதிரி நீளமாக விடுங்கள். ரசம் சிந்தக் கூடாது, அவ்வளவு மெதுவாக. ஒரு வலிக்கு ஐந்தாறு மூச்சு போதும், அது இறங்கிவிடும். தாடையையும் தோளையும் தளரவிடுங்கள். பல்லைக் கடித்தால் இடுப்பும் சேர்ந்து இறுகும். நிற்க முடிந்தால் சுவரில் கை ஊன்றி, அம்மியில் அரைக்கிற மாதிரி இடுப்பை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். மல்லாந்து மட்டும் படுக்காதீர்கள்.

கடைசி மாதம் முழுக்க தினமும் பத்து நிமிஷம் இதைச் செய்யுங்கள். ஐஸ் கட்டியைக் கையில் ஒரு நிமிஷம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டுப் பழகச் சொல்வேன். அந்தக் குளிர் வலியில் மூச்சு குலையாமல் இருந்தால், பிரசவ வலியிலும் பாதி வெற்றி. வார்டில் இருக்கும் செவிலியரிடம் பெயர் சொல்லிப் பேசுங்கள். கவசத்துக்குள் வியர்த்துக்கொண்டு நிற்கும் அவரும் ஒரு வீட்டுப் பெண்தான். “சிஸ்டர், கொஞ்சம் கையைப் பிடிச்சுக்கறேன்” என்று கேட்டால் யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை.

துணைக்கு வருபவருக்கு ஒரு வேலை உண்டு. முதுகெலும்பு முடியும் இடத்துக்குச் சற்று மேலே, வலி வரும்போதெல்லாம் உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். தடவுவது வேறு, அழுத்துவது வேறு. போதும் என்று அவளே சொல்லும் வரை அழுத்தம் குறையக் கூடாது.

எனக்குத் தொற்று உறுதியாகிவிட்டால் ஆபரேஷன்தானா?

இல்லை. தொற்று மட்டுமே ஆபரேஷனுக்குக் காரணம் ஆகாது. மூச்சுத் திணறல் அதிகமாகித் தாயின் நிலை மோசமானால், அல்லது வழக்கமான பிரசவக் காரணங்கள் இருந்தால்தான்.

மாசமாக இருக்கும்போது காய்ச்சல் வந்தால் என்ன செய்வது?

கர்ப்பிணிகளுக்கு, குறிப்பாகக் கடைசி மூன்று மாதத்தில், கொரோனா தீவிரமாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். குறைமாதப் பிரசவமும் கூடுகிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம், உடல் பருமன் இருந்தால் இன்னும் கவனம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போடலாம். புரூஃபன் வகை மாத்திரைகளைக் கடையில் தானாக வாங்கிப் போடாதீர்கள். தண்ணீர், மோர், கஞ்சி நிறைய. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நகச்சாயம் இல்லாத விரலில் வைத்துக் காலை, மதியம், இரவு பாருங்கள். 95-க்குக் கீழே போனால் உடனே மருத்துவமனை. மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, குழந்தை அசைவு குறைவது எதற்கும் காத்திருக்கக் கூடாது.

தடுப்பூசி போடலாமா?

2021 ஜூலை 2 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் கர்ப்பிணிகளுக்கு அனுமதி கொடுத்தது. எந்த மாதமானாலும் போடலாம், பால் கொடுப்பவர்களும் போடலாம். அந்த அனுமதி இரண்டாம் அலைக்கு முன்பே வந்திருக்கக் கூடாதா என்று இன்னமும் எனக்கு மனசு கேட்பதில்லை. அந்த ஏப்ரல், மே மாதங்களில் வந்த அழைப்புகளை மறக்க முடியாது.

மாத்திரை போட்டால் குமட்டுகிறது. விட்டுவிட்டேன். பரவாயில்லையா?

சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நம் பெண்களில் ரத்தசோகை அதிகம். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் போனாலும் உடம்பு தாங்காது. நாலாம் மாதத்திலிருந்து 180 நாள், பிள்ளை பெற்ற பிறகு இன்னொரு 180 நாள். இரவு சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து எலுமிச்சைத் தண்ணீரோடு போட்டுப் படுத்துவிடுங்கள், குமட்டல் தெரியாது. டீ, காபி, பாலோடு போட்டால் சத்து சேராது. கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். மலம் கறுப்பாகப் போவது இயல்பு.

பீடி சுற்றுகிறேன். வேறு வருமானம் இல்லை. பிள்ளைக்கு ஆகாதா?

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி வந்தது. கணவருக்கு வேலை நின்றுபோன மாதங்களில் பீடி சுற்றும் முறம்தான் அந்த வீடுகளைக் காப்பாற்றியது. அதனால் ‘நிறுத்திவிடு’ என்று சுலபமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: புகையிலைத் தூள் மூச்சிலும் தோல் வழியாகவும் உள்ளே போகும், பிள்ளையின் எடை குறையலாம். முடிந்தவரை இந்த மாதங்களில் சுற்றும் வேலையை வீட்டில் வேறொருவர் செய்யட்டும், நீங்கள் இலை வெட்டும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றியே ஆக வேண்டுமென்றால் திண்ணையில், காற்றோட்டத்தில், முகத்தில் துணி கட்டிக்கொண்டு. சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பிள்ளை பிறந்த பிறகு முறத்துக்குப் பக்கத்தில் தொட்டில் கட்டாதீர்கள்.

எனக்குத் தொற்று இருக்கும்போது தாய்ப்பால் கொடுக்கலாமா? பிள்ளையைத் தனியாக வைக்க வேண்டுமா?

கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். முதல் சில மாதங்களில் குழப்பத்தில் சில இடங்களில் பிள்ளையைப் பிரித்து வைத்தார்கள். பிரிக்கத் தேவையில்லை என்பது சீக்கிரமே தெளிவாகிவிட்டது. தாய்ப்பால் வழியாகத் தொற்று பரவுவதாகத் தெரியவில்லை. தாயின் எதிர்ப்புச் சக்திதான் அதில் போகிறது.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள். முகக்கவசம் போட்டு, கை கழுவிவிட்டு எடுங்கள். மார்பைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டாம், காம்பு வெடித்துவிடும். இருமல் பட்டிருந்தால் மட்டும் கழுவினால் போதும். பிள்ளைக்கு முகக்கவசம் கூடவே கூடாது, மூச்சு முட்டும். எழுந்து உட்காரவே முடியாத அளவு சோர்வு என்றால் பாலைப் பீய்ச்சி, பாலாடையில் வேறொருவர் புகட்டட்டும். புட்டி வேண்டாம். எடை குறைந்த பிள்ளையாக இருந்தால் மார்போடு தோல் படும்படி கட்டிக்கொள்ளும் கங்காரு முறைக்குத் தொற்று ஒரு தடை இல்லை.

பால் போதவில்லை என்று மாமியார் சொல்கிறார். பவுடர் பால் வாங்கலாமா?

மூன்றாம் நாள் வரை பால் கட்டாது, சீம்பால் மட்டும் ஸ்பூன் கணக்கில் வரும். பிள்ளையின் வயிறும் அப்போது கோலிக்குண்டு அளவுதான். ஐந்தாம் நாளுக்கு மேல் 24 மணி நேரத்தில் ஆறு முறைக்கு மேல் சிறுநீர் போனால் பால் போதுகிறது. முதல் வாரம் எடை கொஞ்சம் குறைந்து, இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பும். அழுகிற ஒவ்வொரு முறையும் பசி என்று அர்த்தமில்லை. வாய் பெரிதாகத் திறந்து காம்பைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டமும் வாய்க்குள் போகிறதா என்று பாருங்கள். காம்பை மட்டும் சப்பினால் பால் வராது, வலிதான் வரும். இது சரியாகிவிட்டால் முக்கால்வாசிப் பிரச்சினை முடிந்துவிடும்.

தாய்க்குத் தண்ணீர் கொடுக்காமல் பத்தியம் வைக்கிறார்களே, அதை நிறுத்துங்கள். வெயிலூர் என்று நாமே பெயர் வைத்திருக்கிற ஊரில், மே மாதத்தில், ஜன்னலை அடைத்து, ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் கொடுத்தால் பால் எப்படி ஊறும்? தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்காது, ஆபரேஷன் தையலில் சீழும் வைக்காது. பூண்டுக் குழம்பு, கீரை, கருவாடு, முட்டை எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம்.

குளிப்பாட்டும் பாட்டியை வீட்டுக்குள் விட முடியவில்லை. எங்களுக்குப் பிள்ளையைத் தூக்கவே பயம்.

ரொம்பப் பேர் கேட்டார்கள். போன் வகுப்பில் இதற்காக இரண்டரை கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டி, துண்டில் சுற்றி, ஒரு முனையில் தேங்காயைத் தலையாகச் செருகச் சொல்வேன். அந்தத் தேங்காய் பின்னால் தொங்காமல் பையை எடுத்து, தோளில் போட்டு, மடியில் கிடத்தி, மறுபடி எடுக்க வேண்டும். வாலிப அப்பாக்கள் முதல் நாள் நாலு முறை தேங்காயைக் கீழே விட்டார்கள். ஒரு வாரத்தில் ஒரு கையால் தலையும் கழுத்தும் தாங்கி மற்ற கையால் இடுப்பைப் பிடிக்கப் பழகிவிட்டார்கள். பிறந்து 24 மணி நேரம் குளிப்பாட்டவே வேண்டாம். தொப்புள்கொடி விழும் வரை ஈரத்துணியால் துடைத்தால் போதும், அதன் மேல் எண்ணெய், மஞ்சள், சாம்பல் எதுவும் வைக்காதீர்கள். தண்ணீரின் சூட்டை முழங்கையை விட்டுப் பாருங்கள். ஐந்து நிமிஷத்தில் முடித்துத் துவட்டிவிடுங்கள்.

பாட்டிகள் மேல் எனக்கு மரியாதை உண்டு. காலில் போட்டு எண்ணெய் தேய்த்து நீவிவிடும் அந்தக் கைப்பக்குவம் பிள்ளைக்கு நல்ல தூக்கம் கொடுக்கும். ஆனால் சில வழக்கங்களை அவர்களோடு வாதாடியாவது நிறுத்தியிருக்கிறேன். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கில் வாய் வைத்து ஊதுவது, தொண்டையில் விரல் விட்டுச் சளி எடுப்பது மூன்றும் பிள்ளையின் நுரையீரலுக்கு ஆபத்து. தொற்றுக் காலத்தில் இன்னொருவர் மூச்சு பிள்ளையின் மூக்குக்குள் போவதை நினைத்துப் பாருங்கள். சாம்பிராணிப் புகையும் வேண்டாம். வசம்பு உரசி நாக்கில் தடவுவது, சர்க்கரைத் தண்ணீர், தெருவில் கூவி வருகிறவரிடம் ஒரு சங்கு கழுதைப் பால், இதெல்லாம் ஆறு மாதம் வரை எதற்கும் தேவையில்லை. தாய்ப்பால் மட்டும். கண்ணுக்கு மை இழுக்காதீர்கள், திருஷ்டிப் பொட்டு வைத்தே தீர வேண்டும் என்றால் பாதத்தில் வையுங்கள்.

பிள்ளைக்குத் தடுப்பூசி தள்ளிப்போய்விட்டது. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா?

வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிறந்தவுடன் பி.சி.ஜி., போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை ஊசி. அப்புறம் 6, 10, 14-ஆம் வாரம். 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா. அட்டையை எடுத்துக்கொண்டு அடுத்த ஊசி நாளுக்கே போய்விடுங்கள்.

பிள்ளை பிறந்த பிறகு காரணமில்லாமல் அழுகை வருகிறது. இது என்ன?

மூன்றாம் நாளிலிருந்து பத்து நாள் வரை பெரும்பாலானோருக்கு வரும். தூக்கமும் ஆதரவான பேச்சும் கிடைத்தால் அடங்கும். இரண்டு வாரம் தாண்டியும் போகவில்லை, பிள்ளையைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றவில்லை, தூக்கம் வாய்த்தாலும் தூங்க முடியவில்லை, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்றால் அது நோய். காய்ச்சல் மாதிரியே ஒரு நோய், வைத்தியம் உண்டு. தொற்றுக் காலத்தில் இது கூடியதில் ஆச்சரியமில்லை. பார்க்க வருபவர் இல்லை, பிள்ளையை வாங்கி ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளும் கை இல்லை. 104-க்கு அழைக்கலாம், 2022 முதல் மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்ணும் இருக்கிறது. “பிள்ளை பெத்த வீட்டில் கண்ணீர் விடாதே” என்று மட்டும் சொல்லி அவள் வாயை அடைத்துவிடாதீர்கள்.

நான் கணவன். எனக்கு என்ன வேலை?

பெரிய வேலைதான். அம்மாவும் அத்தையும் செய்யும் எல்லாமே இந்த முறை உங்கள் தலையில். 36-ஆம் வாரத்தில் பையைக் கட்டுங்கள்: ஃபைல், ஆதார், பழைய மெத்தென்ற பருத்திப் புடவை இரண்டு, நைட்டி, நாப்கின், பிள்ளைக்குத் துவைத்த துணி, முகக்கவசம், சார்ஜர், பிளாஸ்க். அவளுடைய ரத்த வகையை மனப்பாடம் செய்யுங்கள். அதே வகை ரத்தம் உள்ள நண்பர்கள் இரண்டு பேரிடம் சொல்லி வையுங்கள். இரவு நேரத்தில் அழைத்தால் வரும் ஆட்டோக்காரர் ஒருவர், அவர் வராவிட்டால் 108.

பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் கண் வைத்துப் பார்க்க வேண்டியது: ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுதாக நனைவது, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நாற்றமடிக்கும் போக்கு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, கடும் தலைவலி, வலிப்பு. பிள்ளையிடம்: பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, மூச்சு வேகமாக இழுப்பது, உடம்பு சில்லிடுவது அல்லது கொதிப்பது, பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் தெரிவது. இதில் எதைப் பார்த்தாலும் ஊரடங்கு இருக்கிறது, போலீஸ் நிறுத்தும் என்று யோசிக்காதீர்கள். பிரசவ அவசரத்துக்கு எந்த ஊரடங்கிலும் வழி உண்டு, ஃபைலைக் காட்டினால் போதும்.

இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி, கீழே 108, 104, உங்கள் கிராம சுகாதார செவிலியரின் எண், மருத்துவமனைப் பிரசவ வார்டின் எண் நான்கையும் போட்டு, சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும், இரவு 2 மணிக்கு உங்கள் அம்மா கண்ணாடி இல்லாமல் படிக்க வேண்டியிருக்கும்.